கூரை இல்லாத வகுப்பறை: வடபுலப் பெண் பிள்ளைகளும் வெளிக்களக் கல்வியும்

நூற்றாண்டு மலர் ஒன்றில் என்னென்ன இருக்கும் என்பது எம் எல்லோருக்கும் தெரியும். அதிபர்களின் வரிசை, கட்டிடங்கள் எழுந்த ஆண்டுகள், பரீட்சைப் பெறுபேறுகள், பரிசளிப்பு விழாப் படங்கள். இவை எல்லாம் வேண்டியவைதாம். ஆனால் எமது பழைய மாணவிகள் இருவர் ரொறன்ரோவிலோ சிட்னியிலோ கொழும்பிலோ சந்தித்துக்கொண்டால் முதலில் பேசுவது இவற்றைப் பற்றி அல்ல. மழையில் நனைந்த பாசறை, நெடுந்தீவுப் படகில் தலை சுற்றிய தோழி, கண்டிச் சுற்றுலாவில் பஸ் பழுதடைந்து நின்ற இரவு, தோட்டப் பாடத்தில் நட்ட கத்தரிக் கன்றுகளை ஆடு மேய்ந்த கதை ஆகியவைதாம் முதலில் வாயில் வரும்.

படிப்பு என்று நாம் பெயர் சூட்டாத அந்தப் படிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. எமது கல்லூரி நூற்றாண்டு காணும் இவ்வேளையில் அதையும் ஓரளவேனும் பதிந்து வைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகின்றேன். இது எமது கல்லூரிக்கு மட்டும் உரிய கதை அல்ல. குடாநாட்டின் பெண் பாடசாலைகள் பலவற்றுக்கும் பொதுவான கதை. பெண் பிள்ளை ஒருத்தி வகுப்பறைக் கூரையை விட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு விடை சொன்னது. இன்று நாம் சொல்லும் விடை எம் பாட்டிமார் சொன்னதை விடக் குறுகிவிட்டதோ என்ற கவலையும் இக்கட்டுரைக்கு ஒரு காரணம்.

வேலிக்குள் தொடங்கிய கல்வி

யாழ்ப்பாணத்தில் நவீன பெண் கல்வி விடுதியோடு சேர்ந்து பிறந்தது. 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார்கள். ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அதை நடத்தினார். பிள்ளை விடுதியில் இருந்தால்தான் படிப்பு இடையில் நிற்காது என்று அவர்கள் எண்ணினார்கள். பெற்றோருக்கும் அந்த மதில் வேண்டியிருந்தது. பெரிய பிள்ளையானதும் மகளை வீட்டுக்குள் இருத்திவிடும் காலத்தில், கிடுகு வேலியை விட உறுதியான ஒரு மதில் இருக்கின்றது என்ற நம்பிக்கையே பல தகப்பன்மாரைச் சம்மதிக்க வைத்தது. பின்னர் எழுந்த பெண் பாடசாலைகள் பலவும், எந்தச் சமயத்தைச் சார்ந்தவையாயினும், இந்த அமைப்பையே பின்பற்றின. வெளி என்பது முற்றமும் கிணற்றடியும் விளையாட்டிடமும்தான். அதற்கு அப்பால் போவதென்றால் இருவர் இருவராக வரிசையில், ஆசிரியையின் கண் பார்வையில்.

இதில் ஒரு முரணும் இருந்தது. பாடசாலைக்குப் போக வசதியற்ற வீட்டுப் பெண்கள் என்றுமே வெளியில்தான் இருந்தார்கள். நாற்று நட்டார்கள், வெங்காயத் தறையில் களை பிடுங்கினார்கள், பனங்காணியில் ஓலையும் விறகும் பொறுக்கினார்கள், மீன் கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராக நடந்தார்கள். படித்த வீட்டுப் பெண்ணோ வெயிலில் நிற்பதில்லை. வெளியில் நில்லாமை மரியாதையின் அடையாளமாயிற்று. அந்த மரியாதையில் சாதியும் வசதியும் கலந்திருந்தன என்பதை மறைக்கத் தேவையில்லை.

சங்க இலக்கியப் பெண்கள் தினைப்புனம் காத்தார்கள், புனலாடினார்கள், கடற்கரை மணலில் பாவை செய்து விளையாடினார்கள். எமது தமிழாசிரியைகள் அவற்றை வெகு சுவையாகக் கற்பித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் யன்னலுக்கு உள்ளே இருந்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அரசாங்கம் பாடசாலைத் தோட்டங்களை ஊக்குவிக்கத் தொடங்கியது. விதை போட்டு, தண்ணீர் இறைத்து, விளைந்ததை நிறுத்துக் கணக்கெழுதும் வேலை பாடமாயிற்று. மண்ணில் கை வைப்பது படித்த பிள்ளைக்கும் உரியது என்று பாடசாலையே சொன்ன முதற் சந்தர்ப்பம் அது எனலாம்.

அழைக்காமல் வந்த சிறுமிகள்

மதிலுக்கு அப்பால் பெண் பிள்ளைகளை அழைத்துப் போன முதற் பெரிய முயற்சி சாரணியம்தான். அதன் தொடக்கம் எமக்கெல்லாம் சாரணர் சின்னப் பரீட்சைக்கு மனனம் செய்த விடயம். 1907 ஓகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் பிரவுன்சீத் தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களுடன் ஒரு பாசறை நடத்தினார். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஒன்றாகத் தங்கினார்கள். அடுத்த ஆண்டு அவரது கைநூல் வெளிவந்து பரவியது.

பரீட்சையில் வராத பகுதி அதற்குப் பிந்தியது. 1909 செப்ரெம்பரில் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த சாரணர் பேரணிக்குச் சில சிறுமிகள் யாரும் அழைக்காமலே சீருடை போன்ற உடை அணிந்து வந்து நின்றார்கள். தாங்களும் சாரணர்கள் என்றார்கள். அவர்களை இனித் திருப்பி அனுப்ப முடியாது என்று தெரிந்தபின்தான் 1910இல் பெண்களுக்கான இயக்கம் தொடங்கியது. பேடன் பவலின் சகோதரி அக்னஸ் அதற்குத் தலைமை ஏற்றார். ஆனால் சாரணர் என்ற பெயர் பெண்களுக்குத் தரப்படவில்லை. இந்தியாவின் வடமேற்கு எல்லையில் இருந்த கைட்ஸ் படைப்பிரிவின் பெயர் அவர்களுக்குத் தரப்பட்டது. ஆண் பிள்ளைகளின் விளையாட்டைப் பெண் பிள்ளைகள் ஆடுகின்றார்கள் என்ற பழிச்சொல் வரக்கூடாது என்பது அன்றைய அச்சம். தமிழில் நாம் இரு பாலாரின் இயக்கத்தையும் சாரணியம் என்றே அழைக்கின்றோம். அந்தப் பிரிப்பு எம் மொழியில் ஒட்டவில்லை.

இலங்கையில் ஆண்களின் சாரணியம் 1912இல் மாத்தளையில் தொடங்கியது. 1917இல் கண்டி பெண்கள் உயர்தரப் பாடசாலையில் ஜெனி கல்வேர்லி அம்மையார் நாட்டின் முதலாவது பெண் சாரணியர் குழுவை அமைத்தார். பின்னர் அது நாடெங்கும் பெண் பாடசாலைகளுக்குப் பரவி வடக்குக்கும் வந்தது.

முடிச்சுப் போடுதல், தடம் அறிதல், நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்லுதல், மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுதல், காயத்துக்குக் கட்டுப் போடுதல் ஆகியவற்றைச் சாரணியம் கற்பித்தது. இவற்றுள் பாதியை எம் பாட்டிமார் வீட்டிலேயே அறிந்திருப்பார்கள். அவர்கள் அறியாதது அணி முறை. ஆறு அல்லது எட்டுப் பிள்ளைகள் ஓர் அணி. அவர்களுக்குத் தலைவி அவர்களுள் ஒருத்தி, பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளை. கூடாரத்தை எங்கே அடிப்பது, யார் தண்ணீர் அள்ளுவது, மழை வந்தால் என்ன செய்வது என்பதை அவளே தீர்மானிப்பாள். ஆசிரியை தள்ளி நிற்பார். வீட்டில் எந்தச் சேலை உடுப்பது என்பதையே பெரியவர்கள் தீர்மானித்த காலத்தில், ஒரு பெண் பிள்ளை தன் தீர்மானத்தின் விளைவைத் தானே அனுபவித்த இடம் அதுதான். கூடாரம் பள்ளத்தில் அடிக்கப்பட்டால் இரவில் பாய் நனையும். அந்தப் பாடத்துக்குப் புள்ளி போடத் தேவையில்லை.

மலை தேடிப் போன பிள்ளைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. கீரிமலையில் மலை பெயரில் மட்டுமே உண்டு. குறிஞ்சியையும் முல்லையையும் பாடமாக்கிய பிள்ளை அவற்றைக் கண்ணால் காண வேண்டுமென்றால் ஆனையிறவைக் கடந்தாக வேண்டும். ஆகவே எமது கல்விச் சுற்றுலாவின் வரலாறு புகைவண்டிப் பாதையின் வரலாற்றோடு பின்னியது. 1905இல் வடபகுதிப் பாதை முழுமையடைந்து கொழும்புடன் யாழ்ப்பாணம் இணைந்தது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதன் பின் வந்த மூன்று தசாப்தங்களும் சுற்றுலாவின் பொற்காலம் என்று மூத்த பழைய மாணவிகள் சொல்வார்கள்.

அவர்களின் கதைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கட்டுச்சோற்றுப் பொதியும் பாயும் தலையணையும். பேராதனைப் பூங்கா, சிகிரியா, பொலன்னறுவை, நுவரெலியா. இரவில் வேறொரு பாடசாலையின் வகுப்பறையில் மேசைகளை ஒதுக்கிவிட்டுப் படுக்கை. குளிர் என்றால் என்ன என்று தெரியாத பிள்ளைகள் விடியற்காலையில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்கிய கதை. அந்தச் சுற்றுலாக்களின் ஆழமான பாடம் வேறொன்று. நாள்தோறும் தேநீர் குடித்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை தேயிலைச் செடியையும், அதன் கொழுந்தைப் பறிக்கும் தமிழ்ப் பெண்ணையும், அவள் வாழும் லயன் அறையையும் முதன்முதல் கண்டது அங்கேதான். புவியியல் ஆசிரியை மழைவீழ்ச்சியையும் உயரத்தையும் பற்றிக் குறிப்பெழுதச் சொன்னார். பிள்ளைகள் எழுதாமல் மனத்தில் கொண்டுவந்தது அந்த லயன் அறையை.

உலகம் நினைத்ததும் நாம் செய்ததும்

இதே காலத்தில் வெளிக்களக் கல்வி உலகில் ஒரு தனித் துறையாக வளர்ந்தது. ஜேர்மனியரான கேர்ட் ஹான் 1920இல் சாலெம் பாடசாலையைத் தொடங்கியவர். நாற்சிகளை எதிர்த்தமைக்காக 1933இல் சிறையிடப்பட்டு, விடுதலையானபின் பிரித்தானியா சென்று 1934இல் ஸ்கொட்லாந்தில் கோர்டன்ஸ்ரன் பாடசாலையை நிறுவினார். இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் தாக்கப்பட்டு மூழ்கியபோது, உடல் வலிமை கூடிய இளம் மாலுமிகளை விட வயது கூடிய மாலுமிகள் உயிர் தப்பும் வாய்ப்புக் கூடியிருந்தது என்று கப்பல் நிறுவன உரிமையாளர் லோரன்ஸ் ஹோல்ற் கவலைப்பட்டார். இளைஞரிடம் குறைந்திருந்தது உடல் வலு அல்ல, தன்னம்பிக்கையும் அனுபவமும் என்று இருவரும் கருதினார்கள். அதன் விளைவாக 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் அவுட்வேட் பவுண்ட் பாடசாலை தொடங்கியது. ஹானின் சிந்தனையில் பிறந்த எடின்பரோ கோமகன் விருதுத் திட்டம் 1956இல் ஆண்களுக்கும், இரண்டாண்டு கழித்து 1958இல் பெண்களுக்கும் திறக்கப்பட்டது. பின்னர் அது எம் நாட்டுக்கும் வந்தது. அங்கேயும் பெண் பிள்ளைகள் இரண்டாவதாகவே அழைக்கப்பட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எம் அயலில் வேறொரு மரபு அதற்கு முன்பே முளைத்திருந்தது. 1901இல் தாகூர் சாந்திநிகேதனில் மர நிழலில் வகுப்புகளைத் தொடங்கினார். இயற்கையை வெல்வது அவர் நோக்கம் அல்ல. அதனோடு பழகுவதே நோக்கம். 1934இல் இலங்கைக்கு வந்தபோது ஹொரணையில் ஸ்ரீ பாலி நிறுவனத்துக்கு அவர் அடிக்கல் நாட்டினார். எம் போன்ற வெப்ப நாட்டுக்கு மலையேற்றத்தை விட மர நிழல் பொருத்தமான தொடக்கம் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

அரசும் ஒரு முறை துணிந்து பார்த்தது. 1972 கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களை இடைநிலை வகுப்புகளில் புகுத்தியது. ஊரில் நடைபெறும் ஒரு தொழிலைப் பிள்ளைகள் நேரிற் சென்று பார்த்து, அதைச் செய்பவரிடம் கேட்டு, கற்று எழுத வேண்டும். மீன்பிடி, மட்பாண்டம், பன்ன வேலை, பயிர்ச்செய்கை என ஊருக்கு ஊர் பாடம் மாறும். பிள்ளையை உத்தியோகத்துக்குப் படிக்க அனுப்பினோமா, குயவனிடம் படிக்க அனுப்பினோமா என்று பெற்றோர் பலர் கேட்டார்கள். 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. தாம் பன்னிய முதற் பெட்டியை இன்னும் வைத்திருக்கும் பழைய மாணவிகள் எம்மிடையே இருக்கக்கூடும். இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். அது வரலாற்று ஆவணம்.

வெளிக்களம் என்ற சொல்

தொண்டைமானாற்றில், கடல்நீரேரியை அண்டி, வெளிக்கள நிலையம் ஒன்று இருப்பதை வடக்கில் உயர்தரம் படித்த எவரும் அறிவர். அதற்கு அந்த இடத்தைத் தவிரப் பொருத்தமான இடம் வேறு இல்லை. ஒருபுறம் கடல், மறுபுறம் நீரேரி, இடையில் உவர் நீரைத் தடுக்கும் அணை, கண்டல், உவர்ச் செடிகள், வலசை வரும் பறவைகள். தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் புவியியலுக்கும் இதைவிட நல்ல பாடநூல் அச்சிடப்படவில்லை.

ஆனால் எம் தலைமுறை மாணவிகளிடம் வெளிக்களம் என்ற சொல்லைச் சொன்னால் நினைவுக்கு வருவது நீரேரி அல்ல. அந்த நிலையத்தின் பெயரில் வரும் வினாத்தாள்கள். போர்க் காலத்திலும் ஒழுங்காக நடந்த அப்பரீட்சைகள் பல்லாயிரம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டு சேர்த்தன. அந்தப் பணியை நன்றியோடு நினைக்காத வைத்தியரோ பொறியியலாளரோ வடக்கில் இல்லை எனலாம். என்றாலும் ஒரு சொல்லின் பொருள் இப்படி மாறியது எம் சமூகத்தின் வரலாற்றையே சொல்லிவிடுகின்றது. வெளியே போக முடியாத காலத்தில் வெளிக்களம் வினாத்தாளுக்குள் வந்து சேர்ந்தது. காலம் மாறிய பின்னும் அது திரும்பி வெளியே போகவில்லை.

மர நிழலும் மிதிவெடியும்

1990இல் யாழ்தேவி நின்றது. மின்சாரமும் இல்லாமற் போனது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாயிற்று. டோர்ச் இல்லாமல் பாசறை எப்படி என்று கேட்பதற்கே இடமில்லை. இரவில் வெளியில் தீ மூட்டுவது உயிருக்கு ஆபத்தான செயலாயிற்று. பாடசாலை வளவுகளில் பதுங்கு குழிகள் வெட்டப்பட்டன. எம் வகுப்புப் பிள்ளைகள் மண்ணின் அடுக்குகளைக் கண்ணால் பார்த்தது அங்கேதான்: மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக் கல்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. தென்மராட்சிப் பாடசாலைகள் தம் பிள்ளைகளோடு எம்மையும் ஏற்றுக்கொண்டன. ஒரே கட்டிடத்தில் இரு நேரப் பாடசாலை. கட்டிடம் போதாத இடங்களில் மாமர நிழலில் வகுப்பு. கரும்பலகை மரத்தில் சாய்ந்திருந்தது. மழை வந்தால் பாடம் முடிந்தது. இதை நான் வெளிக்களக் கல்வி என்று அழகுபடுத்தப் போவதில்லை. அது இழப்பு. தாகூரின் பிள்ளைகள் விரும்பி மரத்தடிக்குப் போனார்கள். நாம் கூரை இல்லாமையால் போனோம். ஆனாலும் அந்த மாதங்களில் அடுப்பு மூட்டவும், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கவும், கைக்குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு முதலில் இடம் விடவும் சாரணியப் பிள்ளைகள் முன்னே நின்றார்கள். பழகிய கைகள் அவை.

ஊர் திரும்பியபோது வேறொரு பாடம் காத்திருந்தது. பாதையை விட்டு விலகாதே. தெரியாத பொருளைத் தொடாதே. பற்றை வளர்ந்த காணிக்குள் இறங்காதே. மிதிவெடி விழிப்பூட்டலில் இவற்றைப் படங்களோடு கற்றோம். அந்தப் பாடம் எத்தனையோ கால்களையும் உயிர்களையும் காப்பாற்றியது. அதே வேளை, வெளி என்றால் ஆபத்து என்ற எண்ணத்தை ஒரு தலைமுறையின் உடம்பிலேயே எழுதியது. வெடிகள் பெரும்பாலான ஊர்களில் அகற்றப்பட்டுவிட்டன. 2014இல் யாழ்தேவியும் திரும்பி வந்தது. ஆனால் அன்று அந்தப் பாடத்தைக் கற்ற பிள்ளைகள் இன்று தாய்மார். மகள் பற்றைக்குப் பக்கத்தில் போனால் காரணம் சொல்லாமலே கையைப் பிடித்து இழுக்கின்றோம்.

கடல் கேட்ட கேள்வி

2004 டிசெம்பர் 26 எம் எல்லோருக்கும் தெரிந்த நாள். இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வடமராட்சி கிழக்கும் முல்லைத்தீவும் மட்டக்களப்பும் அம்பாறையும் தந்த பலி அளவிட முடியாதது. ஆழிப்பேரலை பெண்களை எவ்வாறு தாக்கியது என்பதைப் பற்றி ஒக்ஸ்பாம் 2005இல் வெளியிட்ட அறிக்கை, பல இடங்களில் ஆண்களை விடப் பெண்களே கூடுதலாக இறந்ததை எடுத்துக்காட்டியது. இலங்கையைப் பற்றி அது சொன்ன காரணங்களுள் ஒன்று மிக எளியது. நீந்தவும் மரம் ஏறவும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் பழக்குகின்றோம்.

இதே தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த முதல் வீரர். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினார். அவர்களைப் பற்றிப் பெருமை பேசிய அதே குடாநாட்டில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்த பெண் பிள்ளை இடுப்பளவு நீரில் நிற்கவும் பழக்கப்படவில்லை.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெற் கடற்கரையில் நின்ற 10 வயது ஆங்கிலச் சிறுமி ரில்லி சிமித், கடல் நுரைத்து வித்தியாசமாக நடந்துகொள்வதைக் கண்டு இது சுனாமி என்று கூவினாள். இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் அதைப் படித்திருந்தாள். அவள் சொல் கேட்டுக் கடற்கரை வெறுமையாக்கப்பட்டது. சுமார் நூறு பேர் தப்பினர். வகுப்பில் கற்றதை வெளியில் அடையாளம் காண்பதே வெளிக்களக் கல்வி என்றால், அதற்கு இதைவிடச் சிறந்த வரைவிலக்கணம் இல்லை.

வைத்தியசாலையிலிருந்து பார்க்கையில்

இன்றைய சுகாதாரமும் உடற்கல்வியும் பாடநூலில் வெளிக்களச் செயற்பாடுகளுக்கு இடம் உண்டு. பாசறை, நடைப்பயணம், முடிச்சுகள் எல்லாம் படத்தோடு இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றை மின்விசிறியின் கீழ் இருந்து மனனம் செய்கின்றார்கள். காலையில் பாடசாலை, மாலையில் ரியூஷன், இரவில் கைத்தொலைபேசி. சனி ஞாயிறும் ரியூஷன். தாய்மாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பல்கலைக்கழக வாசல் எவ்வளவு ஒடுங்கியது என்பதை நானும் அறிவேன்.

ஆனால் உடம்பு தன் கணக்கை வேறாக எழுதுகின்றது. 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் உழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கின்றது. தூரத்துப் பொருள் மங்கலாகத் தெரியும் குறும்பார்வையைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் தெளிவானவை. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பாடசாலைகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பாடசாலைகளில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளின் பின் அப்பிள்ளைகளிடையே 30.4 வீதத்தினருக்கும், மற்றவர்களிடையே 39.5 வீதத்தினருக்கும் குறும்பார்வை ஏற்பட்டிருந்தது. 2015இல் இது வெளியானது. தாய்வான் 2010 முதலே பாடசாலைப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்று திட்டம் வகுத்துள்ளது. மருந்தும் இல்லை, செலவும் இல்லை. வேண்டியது வெளிச்சம் மட்டுமே.

பாம்பு இருக்கின்றதே, வெயில் சுடுகின்றதே, நுளம்பு கடிக்கின்றதே என்று கேட்பீர்கள். உண்மைதான். புடையனும் நாகமும் சுருட்டையும் எம் மண்ணில் உண்டு. அவை பாசறைக்கு மட்டும் வருவதில்லை, கோடிக்கும் வரும். பழைய முதலுதவி நூல்கள் கடிவாய்க்கு மேல் இறுக்கிக் கட்டு, கீறி இரத்தத்தை வெளியேற்று என்று கற்பித்தன. இன்றைய வைத்தியம் இரண்டையும் செய்யாதே என்கின்றது. கடிபட்டவரை அமைதிப்படுத்து, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வை, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போ. இதைச் செயலிற் பழகிய ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அயலுக்கே அது காவல். அச்சம் பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருக்கும். வீட்டுக்குள் நடப்பதை அறிவுதான் சமாளிக்கும்.

பெண் பிள்ளைகள் பாசறைக்கும் சுற்றுலாவுக்கும் பின்வாங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை மலர்களில் எழுதுவது வழக்கமில்லை. மாதவிடாய் வந்தால் எங்கே போவது, மலசலகூடம் எப்படி இருக்கும், மாற்றுவதற்கு மறைவிடம் உண்டா என்ற பயம். இந்தப் பயத்தால் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு வருகின்ற பிள்ளைகளை வைத்தியர்கள் காண்கின்றோம். சுத்தமான ஒரு கழிப்பறையும் மூடியுள்ள ஒரு வாளியும் இல்லாமையால் ஒரு பிள்ளை மலையைக் காணாமல் போவது சரியல்ல.

நூற்றாண்டுக்குப் பின்

பழைய மாணவிகள் சங்கங்கள் மண்டபம் கட்டுகின்றன, கணினி கொடுக்கின்றன, புலமைப்பரிசில் வழங்குகின்றன. இந்த நூற்றாண்டில் கூரை இல்லாத வகுப்பறைக்கும் ஏதாவது செய்வோம் என்று கேட்டுக்கொள்கின்றேன். பெருந்தொகை வேண்டியதில்லை.

முதலாவது நீச்சல். ஒவ்வொரு மாணவியும் கல்லூரியை விட்டுப் போகும் முன் மிதக்கவும், குறைந்தது 25 மீற்றர் நீந்தவும் தெரிந்திருக்க வேண்டும். பெண் பயிற்றுநருக்கும், பொருத்தமான உடைக்கும், பஸ் கட்டணத்துக்கும் ஒரு நிதி இருந்தால் போதும். இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு நாளாவது பரீட்சைக்கு உட்படாத வெளிக்கள நாள். தொலைவு போகத் தேவையில்லை. நிலாவரையில் நன்னீர் ஏன் மேலே நிற்கின்றது, உவர் நீர் ஏன் கீழே நிற்கின்றது என்பதைப் பார்த்தால், வீட்டுக் கிணற்றை அளவுக்கு மீறி இறைக்கக்கூடாது என்பது தானே விளங்கும். சுண்டிக்குளத்திலும் மன்னார் வங்காலையிலும் வலசைப் பறவைகள் எமக்காகக் காத்திருக்காமல் ஆண்டுதோறும் வந்து போகின்றன. மூன்றாவது, எந்தப் பயணத்துக்கும் முன் கழிப்பறை எங்கே என்பதை முதலில் திட்டமிடும் பழக்கம். நான்காவது, அணித் தலைவியிடம் தீர்மானத்தை விட்டுக்கொடுக்கும் பெரியவர்கள். இதற்குப் பணமே தேவையில்லை. ஆனால் இதுதான் நால்வகையிலும் கடினமானது.

இறுதியாக, உலகெங்கும் பரந்திருக்கும் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாசறை, சுற்றுலா, தோட்டம், இடம்பெயர்ந்த காலத்து மரத்தடி வகுப்பு பற்றி ஒரு பக்கம் எழுதி, படம் இருந்தால் அதன் பிரதியையும் சேர்த்து, சங்கத்துக்கு அனுப்புங்கள். ஆண்டும் வகுப்பும் மறக்காமல் குறிப்பிடுங்கள். கட்டிடங்களின் வரலாற்றைக் கல்வெட்டுகள் சொல்லும். வெளியில் நடந்ததற்குக் கல்வெட்டு இல்லை. எம் மூத்த அக்காமாரின் நினைவுகளே அதன் ஒரே ஏடு. அந்த ஏட்டின் பல பக்கங்கள் ஏற்கெனவே எம்மை விட்டுப் போய்விட்டன. மீதியையாவது அடுத்த நூறு ஆண்டுப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போவோம்.